கல்குவாரி விபத்து: சிறுநீரகத்தில் பழுப்பு நிற அடைப்பு ஏன்?

தம்பி, மேலூர் குவாரியில கல்லு விழுந்து தொடை நசுங்கின உங்க அப்பா மூணாம் நாள் இறந்துட்டார். திசு அறிக்கையில 'சிறுநீரகக் குழாய்களில் பழுப்பு நிற அடைப்பு'ன்னு இருக்கு, விஷமான்னு கேட்டிருக்கீங்க.

நசுங்கின தசையிலிருந்து மயோகுளோபின்ங்கிற தசைப் புரதம் ரத்தத்துல கலக்கும். அது சிறுநீரகக் குழாய்ல உறைஞ்சு அடைச்சிடும். 1941லயே லண்டன் குண்டுவீச்சு இடிபாட்டுல சிக்கினவங்ககிட்ட பைவாட்டர்ஸ்ங்கிற மருத்துவர் இதைக் கண்டு எழுதினார். அப்பாவுக்கு சிறுநீர் கடுங்காப்பி நிறத்துல போச்சா? யோசிச்சுப் பாருங்க.

ஆனா திசுவுக்குப் போடுற சாதாரண சாயத்துல, ரத்தச் சிவப்பணுவுல இருக்கிற ஹீமோகுளோபின் அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். மயோகுளோபினை மட்டும் பிடிச்சுக் காட்டுற ஆன்டிபாடி சாயம் போட்டாத்தான் பிரிச்சுச் சொல்லலாம். திசுவைப் பதிச்ச மெழுகுக் கட்டி பத்திரமா இருந்தா இப்பவும் செய்யலாம். விசாரணை அதிகாரி மூலமா எழுத்துல கேளுங்க. 'கால் காயத்துல யாருப்பா சாவா'ன்னு குவாரிக்காரர் சொன்னா அசராதீங்க. விஷச் சந்தேகத்துக்கு உள்ளுறுப்பு ரசாயன அறிக்கை தனி. அதையும் வாங்கிடுங்க.