மான் வேட்டையில், மானை ஈர்க்கத் தெளிக்கும் வாசனைத் திரவங்கள் உண்மையிலேயே பலன் தருமா?

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநில மலைக்காடுகளில் உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பலன் தரும், ஆனால் புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அல்ல.

இங்குள்ள வெள்ளைவால் மான்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது பெரும்பாலும் மோப்பத்தால்தான். கண்ணோரத்திலும் நெற்றியிலும் குளம்புப் பிளவிலும் பின்னங்காலின் உட்புறத்திலும் அவற்றுக்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. நவம்பரை ஒட்டிய இணைசேரும் பருவத்தில் ஆண்மான் தாழ்ந்த கிளையொன்றில் முகத்தைத் தேய்த்து, அதன் கீழே குளம்பால் மண்ணைப் பறித்து, பின்னங்காலின் சுரப்பிகள் மீது வழியும்படி அங்கேயே சிறுநீர் கழிக்கும். பருவத்துக்கு வந்த பெண்மானின் சிறுநீரை முகர்ந்தாலோ, நம் ஊர்க் கிடாயைப் போலவே மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் பெண்மான் அந்நிலையில் இருப்பது ஓரிரு நாட்களே. ஆகவே அக்டோபர் தொடக்கத்திலேயே அந்த வாசனையைத் தெளிப்பது, என் கருத்தில், காசைக் கரியாக்குவதுதான்.

வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். மான்களைக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் இம்மாநிலத்தில் 2009இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான பிரியான் புரதம் எச்சில், சிறுநீர் வழியாக வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதால், இயற்கையான மான் சிறுநீர் கலந்த திரவங்களை வேட்டையில் பயன்படுத்த 2015 ஜூலை 1 முதல் இங்கே தடை உள்ளது. செயற்கைத் திரவங்களுக்கு அத்தடை இல்லை. மக்காச்சோளம் போன்ற தீனியைக் கொட்டி வைத்து வேட்டையாடுவதும் இங்கே குற்றம். டெக்சாஸிலோ தனியார் நிலத்தில் அதற்கு அனுமதி உண்டு.

எந்தத் திரவத்தையும்விடக் காற்றே முக்கியம். முதிர்ந்த ஆண்மான் வாசனையை நோக்கி நேராக வராமல், அது வீசும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். அதனால் திரவத்தில் நனைத்த பஞ்சைப் பரணுக்கு நேர் எதிரே கட்டாமல், காற்றோட்டத்துக்குக் குறுக்காகச் சற்றுத் தள்ளிக் கட்டுகிறேன். மான் சுற்றி வந்தாலும் என் உடல்வாடை அதன் பாதையில் விழாது. மலைச்சரிவில் வெயில் ஏறியபின் காற்று மேல்நோக்கியும் மாலை குளிரக் குளிரக் கீழ்நோக்கியும் நகரும் என்பதால், காலையில் பொருந்திய பரண் மாலைக்குப் பொருந்துவதில்லை. பரணுக்கு நடக்கையில் தோல் காலணியைத் தவிர்த்து, வாடை பிடிக்காத ரப்பர் காலணியே அணிகிறேன். காற்று ஒரு திசையில் நில்லாமல் சுழலும் நாளில் புட்டியைத் திறப்பதே இல்லை.