ஒரே வீட்டில் நான்கு முக்காடு

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. நாங்கள் திருகோணமலை மாவட்டம், கிண்ணியா. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கல்யாணம் முடித்தவள், தானாகவே விரும்பி முகத்தையும் மூடும் நிகாப் போடுகிறாள். இளையவள் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். முன்பெல்லாம் உடம்பு முழுக்க மூடும் கறுப்பு அங்கியான ஹபாயாவோடு வெளியே போனவள், இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கும் டொப், தளர்வான காற்சட்டை, கலர் கலரான ஷோல் என்று போகிறாள். தலைமுடி வெளியே தெரிவதில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரரின் ராத்தா (அக்கா) வரும்போதெல்லாம், "மூத்தவளைப் பார், இவளைப் பார்" என்கிறார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்பார்களாம். நானும் ஹபாயாதான் போடுகிறேன். மாமி இன்றைக்கும் சேலைத் தலைப்பைத்தான் முக்காடாகப் போடுவார். மகளைக் கட்டாயப்படுத்தி ஹபாயா போட வைக்கவா? விட்டால் கெட்டுப்போவாளோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு தாய், கிண்ணியா.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. கட்டாயப்படுத்த வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மனம் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

"தலைமுடி வெளியே தெரிவதில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடுப்பு தளர்வாக இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே வருகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மகள் முக்காட்டை விட்டுவிடவில்லை. நிறத்தையும் போடும் விதத்தையும் மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை, அதற்கு உங்கள் ஊரிலேயே மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் குர்ஆனில் சூரத்துந் நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை ஒருமுறை பொருளோடு ஓதிப் பாருங்கள். முக்காட்டை மார்பின் மேலே போட்டுக்கொள்ளச் சொல்கிறது. கறுப்பு என்று எந்த நிறத்தையும் குறிப்பிடவில்லை. அதற்கு முந்திய 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி ஆண்களுக்குச் சொல்கிறது. அந்த வசனத்தை நம் வீடுகளில் யாரும் எடுத்துப் பேசுவதைக் காணோம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு பெண் பச்சை நிற முக்காட்டோடு அவர்களின் மனைவி ஆயிஷா நாயகியிடம் வந்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கலர் ஷோல் போடுவதாலேயே ஒரு பிள்ளை வழிதவறிவிட்டாள் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை.

கறுப்பு ஹபாயா நம் பக்கத்துக்கு வந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். நம் உம்மாமாரும் உம்மும்மாமாரும் மூதூரிலும் தோப்பூரிலும் கிண்ணியாவிலும் சேலைத் தலைப்பைத்தான் இழுத்துப் போட்டார்கள். நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, 1980கள், 90களில்தான் ஹபாயா மெல்ல மெல்லப் பரவியது. பெண்களுக்கும் அது பிடித்துப்போனது. உள்ளே என்ன உடுப்பு இருந்தாலும் மேலே ஒன்றை மாட்டிக்கொண்டு அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ ஓடலாம். நீங்களும் அப்படித்தான் பழகியிருப்பீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மாமியின் முக்காடு அதைவிட எந்த விதத்தில் குறைந்தது? சூடானில் பெண்கள் தோப் என்று ஒரு நீளத் துணியை, கிட்டத்தட்ட நம் சேலை போலவே, உடம்பைச் சுற்றித் தலையிலும் போடுகிறார்கள். அதில் இல்லாத நிறமே இல்லை. மலேசியாவில் அலுவலகத்துக்குப் போகும் பெண்கள் இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் தூடோங் என்ற தலைத்துணி போடுகிறார்கள். ஈரானில் தலை முதல் கால் வரை போர்த்தும் சாதோர். இந்தப் பெண்கள் எல்லாரும் தொழுகிறவர்கள், நோன்பு பிடிக்கிறவர்கள்தானே.

உங்கள் இளையவள் ஏன் மாறினாள் என்று அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. நானாக ஊகித்தால், பாதிக் காரணம் வெயிலும் பஸ்ஸும்தான். கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து நிலாவெளிப் பக்கம் கோணேசபுரிக்குப் போக வேண்டும். ஆனி, ஆடியில் சுடுகிற கச்சான் காற்று வீசும் நாட்களில் நெரிசலான பஸ்ஸில், கறுப்பு பொலியெஸ்டர் துணிக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேக்காடு தெரியும். பருத்தி ஷோலும் இளநிறமும் அங்கே பெரிய உதவி. மீதிக் காரணம், தன்னைத் தானே கண்ணாடியில் பார்த்து "இது நான்" என்று சொல்லிக்கொள்ளும் வயது. அதை அவள் தலையை மூடிக்கொண்டே செய்கிறாள் என்பதைக் கவனியுங்கள்.

அவளோடு சண்டைக்குப் போகாமல், கண்ணாடி முன்னால் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். இந்தப் பிள்ளைகளின் கைவண்ணத்தைக் கிட்டவிருந்து பார்த்தால் நமக்கே ஆசை வரும். முதலில் உள்தொப்பியை நெற்றி முடிவரிசை வரை இழுத்துவிடுவார்கள். ஷோலின் ஒரு பக்கத்தைக் குட்டையாகவும் மறுபக்கத்தை நீளமாகவும் விட்டு, தாடைக்குக் கீழே ஒரு பின். நீளப் பக்கத்தை மார்பின் குறுக்கே கொண்டுபோய்த் தலையைச் சுற்றிக் காதுக்கு மேலே இன்னொரு பின். சிஃபோன் பார்க்க அழகு, ஆனால் கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் இருந்தால் ஒரே காற்றில் வழுக்கிப் பின்னால் போய்விடும். ஜெர்சித் துணிக்குப் பின் குத்தவே தேவையில்லை, நழுவாது, ஆனால் நம் வெயிலுக்குக் கனம். பின் குத்திக் குத்தி ஓட்டை விழுந்த ஷோல்கள் எல்லார் அலுமாரியிலும் இருக்கும். இப்போது காந்தப் பின் வந்திருக்கிறது, ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: விடிய முழுகிவிட்டு ஈரத் தலையைக் கட்டி மூட விடாதீர்கள். பொடுகும் வாடையும் அதனால் கூடலாம். இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி மெல்ல மெல்லக் கழன்றுபோகும். ஸ்கூட்டி ஓடுகிறவள் என்றால் கொண்டையைப் பிடரிக்குத் தாழ்த்திப் போடச் சொல்லுங்கள். உச்சிக் கொண்டைக்கு மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது, விழுந்தால் தலைக்கு ஆபத்து.

நம் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளின் உடுப்பைப் பற்றிப் பேச வெளியில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. 2018இல் திருகோணமலை நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் ஹபாயா போட்டதற்கு எதிர்ப்பு வீதி ஆர்ப்பாட்டம் வரைக்கும் போனது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அந்த மாதம் 29ஆம் திகதி முதல் அவசரகால விதியின் கீழ் முகம் மூடுவது தடையானது. தடை முகத்துக்கு மட்டும்தான், ஆனால் வெறும் ஷோல் போட்ட பெண்களையும் கடை வாசலில் நிறுத்தினார்கள். 2024இல் திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிய ஏறக்குறைய 70 மாணவிகளின் பெறுபேறுகள், காதை மூடியிருந்தார்கள் என்பதற்காக முதலில் நிறுத்தி வைக்கப்பட்டன. வருடக்கணக்காகப் படித்த படிப்பு ஒரு துணி விளிம்பில் தொங்கி நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. போடாதே என்று வெளியே ஒரு கூட்டம் சொல்ல, இப்படித்தான் போடு என்று வீட்டுக்குள்ளும் ஒரு கூட்டம் சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்?

இதையே மூத்தவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நிகாப் அவள் விரும்பி எடுத்த முடிவு என்றால் அதை மதியுங்கள். அவளை அளவுகோலாக்கித் தங்கையின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். இப்போது அது இளையவளைத்தான் நோகடிக்கிறது. நாளைக்கு மூத்தவள் ஏதோ காரணத்துக்காக முகத்தைத் திறக்க விரும்பினால், "உன்னைக் காட்டித்தானே அவளைத் திருத்தினோம்" என்று அவள் வாயையும் அடைத்துவிடும். சகோதரிகள் இருவரும் கதைக்காமல் போகும் நிலை வந்தால், அதுதான் இந்த வீட்டுக்குப் பெரிய இழப்பு.

மாப்பிள்ளை வீட்டார் கதைக்கு வருவோம். நிறத்தைப் பார்த்துப் பெண் எடுக்கிற வீடு கல்யாணத்துக்குப் பிறகு எதையெல்லாம் பார்க்கும் என்று யோசியுங்கள். பேச்சு வரும்போது, "பிள்ளை இப்படித்தான் உடுத்துவாள், படிப்பை முடிப்பாள்" என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு விலகுகிறவர்கள் விலகட்டும்.

மதினியிடம் நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம், உறவு கெட்டுவிடும். அவர் உங்கள் மாமியின் மகள்தானே? வாழ்நாள் முழுக்கச் சேலைத் தலைப்போடு இருந்த அந்த உம்மாவை அவர் ஒருநாளும் குறையாகப் பார்த்திருக்க மாட்டார். மாமியிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து அவரையே தன் மகளான மதினியிடம் பேசச் சொல்லுங்கள். உம்மா சொன்னால் மதினி கேட்பார். அதற்கு முன்னால், இன்றைக்கு மகள் வளாகத்திலிருந்து வந்ததும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, ஏன் மாற்றினாய் என்று ஒருமுறை கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.