செம்பனைப் பூவை மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள்

கேள்வி: மலேசியாவின் குளுவாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் வார இறுதி வகுப்பு நடத்துகிறோம். முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். போன தடவை ‘அறிவியல் மாலை’ என்று ஸ்லைடு போட்டுப் பேசினோம். பெற்றோர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அடுத்த முறை நாடகமோ வில்லுப்பாட்டோ சேர்க்கலாமா? சேர்த்தால் அறிவியல் நீர்த்துப்போகாதா? செலவுக்கு நூறு இருநூறு வெள்ளிதான் கையில் இருக்கிறது.

பதில்: நீர்த்துப்போகுமோ என்று நீங்கள் பயப்படுவது சரிதான். பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில் சோடா மாவில் வினிகர் ஊற்றி ‘எரிமலை’ பொங்கவைத்தேன். கைதட்டல் அடங்க நேரமானது. ஒரு வாரம் கழித்துப் போய், அன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “நுரை வந்துச்சு சார்” என்றார்கள். அந்த நுரைக்குள் இருந்தது கரிவளி என்று ஒரு பிள்ளைக்கும் நினைவில்லை. வேடிக்கை மனதில் நின்றது, கேள்வி போய்விட்டது. அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சி என்றாலும் முதலில் ஒரு கேள்வியைப் பிடிக்கிறேன். அந்த ஊர்க்காரர்களுக்குப் பாதி பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்வியாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு அப்படி ஒன்று காத்துக்கிடக்கிறது. செம்பனை காய்க்க யார் காரணம்?

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மரம் இங்கே வந்தது, ஆனால் அங்கே அதன் பூவில் வாழ்ந்த கூன்வண்டு அதோடு சேர்ந்து வரவில்லை. அதனால் மலாயாத் தோட்டங்களில் குலைகள் சரியாகப் பிடிக்கவில்லை. மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, பூவுக்குப் பூ ஆட்களே ஊத வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். காற்றே மகரந்தத்தைச் சேர்த்துவிடும் என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். கேமரூனில் செம்பனைப் பூக்களில் வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆர். ஏ. சையது என்ற பூச்சியியலாளர் அங்கே போய் அந்த வண்டுகளை ஆராய்ந்தார். மற்ற பயிர்களில் அவை வாழுமா என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981இல் குளுவாங் பாமோல் தோட்டத்தில் அவற்றைத் திறந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் கையால் ஊதும் வேலையே தேவையில்லாமல் போனது. உலகத் தாவர எண்ணெய் வரலாற்றையே மாற்றிய ஒரு சோதனை உங்கள் ஊரில் நடந்திருக்கிறது. பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதில் ஸ்லைடுக்கு வேலையே இல்லை. பூத்திருக்கும் ஆண் பூங்குலை ஒன்றைக் கொண்டு வாருங்கள். மரத்தில் முள் இருக்கும், அதனால் குலை வெட்டும் அண்ணன் யாரையாவது வெட்டித் தரச் சொல்லுங்கள், நீங்கள் ஏற வேண்டாம். மருந்து அடித்த இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது. மண்டபத்தில் வெள்ளைத் தாள் விரித்து, அதன் மேல் பூவை உதறுங்கள். மஞ்சள் தூளும், அரிசி மணியைவிடச் சிறிய வண்டுகளும் கொட்டும். பத்து வெள்ளிக்கு இரண்டு பூதக்கண்ணாடி வாங்கி வைத்தால் போதும். பூவை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். சோம்பு வாசம் வரும். இனி அந்தப் பிள்ளைகள் தோட்டத்து வழியாகப் போகும்போதெல்லாம் மூக்கு தானாக அதைத் தேடும்.

வாசம்தான் கதையின் முடிச்சு. ஒரே செம்பனை மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு காலத்தில் பூக்கும், அதனால் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். வண்டு ஆண் பூவில் தின்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது. பெண் பூவும் கிட்டத்தட்ட அதே வாசத்தை வீசுகிறது. ஆண் பூ என்று நம்பிப் போகும் வண்டுக்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை, ஆனால் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் இறங்கிவிடுகிறது. இதை நாடகமாக்கும்போது வண்டு ‘நமக்கு உதவ வந்தது’ என்று வசனம் வைத்துவிடாதீர்கள். அது தின்னவும் முட்டையிடவும்தான் வந்தது. இந்த ஒரு வரியைத் தவறவிட்டால்தான் அறிவியல் உண்மையிலேயே நீர்த்துப்போகும்.

நாடகத்தைவிட வில்லுப்பாட்டுக்கே என் ஓட்டு. அதில் தலைமைப் பாடகர் சொல்லச் சொல்ல, பின்பாட்டுக்காரர் ஆமா போடுவார். நீங்கள் கொஞ்சம் மாற்றி, அவரை ஆமா போட விடாமல் சந்தேகம் கேட்க வையுங்கள். “காத்துலதானே பரவுது?” “வேற நாட்டுப் பூச்சியக் கொண்டாந்தா நம்ம காய்கறிய தின்னுடாதா?” விஞ்ஞானிகளுக்கும் வந்த சந்தேகங்கள்தான் இவை. வில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பக்கத்து உறுமி மேளப் பையன்களைக் கூப்பிடுங்கள். பாட்டு முழுதும் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், அன்றைக்கு மகரந்தம் ஊதிய பாட்டிமாரைத் தேடிப் பிடியுங்கள். 1981இல் 20 வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மேடையில் பேசக் கூச்சப்பட்டால், முன்கூட்டியே பேத்தியைவிட்டுக் கைப்பேசியில் பேட்டி எடுக்கச் சொல்லலாம். எப்படி ஊதினார்கள், எந்த நேரத்தில், என்ன கூலி, எல்லாவற்றையும் கேட்கட்டும். வண்டு வந்ததும் அந்த வேலை போனதே, அப்போது வீட்டில் என்ன ஆனது என்பதையும் கேட்கட்டும். அவர் வருத்தமாகப் பேசினால் அதை வெட்டிவிடாதீர்கள். ஒரு கண்டுபிடிப்பு யாருக்குப் பலன் தந்தது, யாருடைய வேலையை எடுத்துக்கொண்டது என்பதும் அறிவியலோடு சேர்ந்த விஷயம்தான். தன் அம்மா மேடையில் பேசும்போது எந்த மகனும் பாதியில் எழுந்து போகமாட்டான்.

சொற்கள் பற்றி ஒன்று. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியலைப் பெரும்பாலும் மலாயில் படிக்கிறார்கள். மகரந்தம் என்று சொல்லும்போது கூடவே டெபுங்கா என்றும் சொல்லிவிடுங்கள். பள்ளிப் பாடமும் பாட்டியின் கதையும் ஒன்றுதான் என்று பிடிபடும்.

எவ்வளவு பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, “வண்டு ஏன் பெண் பூவுக்குப் போகுது?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். பத்துப் பேரில் நாலு பேர் வாசத்தைச் சொன்னால் நல்ல தொடக்கம். சொல்லாவிட்டால் பாட்டில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

ஆண் பூ நன்றாக மணப்பது சில நாள்தான். வியாழக்கிழமையே எந்த மரம் பூத்திருக்கிறது என்று பார்த்து வைத்து, நிகழ்ச்சி அன்று காலையில் வெட்டச் சொல்லுங்கள். பையில் போட்டு வாயைக் கட்டிக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வண்டெல்லாம் காரிலேயே பறந்துவிடும்.