தலையணையிலிருந்து பாத்ரூம் வரை: கேள்வி பதில்

வீட்டுக்கு வரைபடம் போடுவது என் தொழில். படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூமை எங்கே வைப்பது, அதில் மறைவு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் என் பழக்கம் ஒன்று. பிளானில் கட்டிலை வரைந்து, தலையணை வரும் இடத்தில் பென்சில் முனையை ஊன்றிக்கொள்வேன். அங்கே படுத்திருப்பவருக்கு என்ன தெரியும், என்ன கேட்கும் என்று பார்த்த பிறகுதான் பாத்ரூம் கதவுக்குக் கோடு போடுவேன். கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் பென்சில் முனையிலிருந்து வந்தவைதான்.

கேள்வி: சார், சுவர் எழும்பிவிட்டது, நிலை இன்னும் வைக்கவில்லை. கட்டிலில் படுத்தால் பாத்ரூம் வாசல் நேர் எதிரே வருகிறது. கதவைத் திறந்தால் கம்மோட்தான் முதலில் கண்ணில் படும். இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

நிலை வைக்கவில்லை என்றால் நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். வாசலை ஓர் அடி, ஒன்றரை அடி நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். கதவு திறந்ததும் வாஷ்பேசின் தெரியட்டும், அதனால் யாருக்கும் சங்கடமில்லை.

நகர்த்த இடமில்லை என்றால் கீலைப் பாருங்கள். கதவு உள்பக்கம் திறப்பதானால், கம்மோட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் கீல் வரவேண்டும். அப்போது கதவு பாதி திறந்திருந்தாலும் பலகை குறுக்கே நின்று கம்மோடை மறைத்துவிடும். மேஸ்திரி சுவிட்ச் பக்கம் பார்த்துக் கீலை மாற்றி வைத்துவிடுவார், நிலை நிறுத்தும் அன்று கூடவே நில்லுங்கள்.

இன்னொன்று, கண்ணாடி. கம்மோடை ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். எதிர்ச் சுவரில் மாட்டிய கண்ணாடி அதை அப்படியே கட்டிலுக்குக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியை ஆணி அடிப்பதற்கு முன் ஒருவர் கையில் பிடிக்க, இன்னொருவர் கட்டில் வரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால்தான் கம்மோட். நாலரை அங்குலச் சுவர். இரவில் யாராவது ஃப்ளஷ் செய்தால் தூக்கம் போய்விடுகிறது. சுவரில் ஸ்பாஞ்ச் ஷீட் ஒட்டினால் சத்தம் நிற்குமா?

நிற்காது. ஸ்பாஞ்ச் ஷீட் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். சுவர் தாண்டி வரும் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். இந்தப் பணத்தை அதில் போடாதீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில், தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் கம்மோட் வைக்கும் இதே தவறை நானும் ஒரு வீட்டில் செய்தேன். குடிவந்த பிறகு அவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு ராத்திரி போய் அந்தக் கட்டிலில் தலை வைத்துப் படுத்துக் கேட்டேன். ஃப்ளஷ் சத்தம் சில நொடிகளில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு டேங்க் நிரம்பும் 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் வால்வு மூடும்போது சுவருக்குள் 'டக்' என்று ஒரு தட்டல், காதுக்குள்ளேயே தட்டியது போல. அவர்களைத் தினமும் எழுப்பியது அந்த 'டக்'தான். அன்றிலிருந்து தலைமாட்டுச் சுவரில் நான் தண்ணீர்க் குழாய் எதையும் ஏற்றுவதில்லை.

சத்தம் இரண்டு வழியில் வருகிறது. காற்றில் வருவது ஒன்று. குழாயும் டேங்கும் சுவரை உலுக்கி, சுவரே ஒலிப்பது இன்னொன்று. உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. முதலில் டேங்குக்கு அடியில், அதற்குத் தண்ணீர் விடும் திருகான ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடிவிடுங்கள். டேங்க் மெதுவாக நிரம்பும், சீறலும் கடைசித் தட்டலும் குறையும். இதற்குச் செலவே இல்லை. அடுத்து, வெளியே தெரியும் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்கு உள்ளே ரப்பர் கொடுங்கள். சுவரில் தொங்கும் கம்மோட் என்றால் அதற்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் ஷீட் இருக்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் கட்டிலை வேறு சுவருக்கு மாற்றுங்கள். சுவரையே தடிப்பாக்குவது கடைசி வழி.

காற்றில் வரும் சத்தத்துக்குக் குற்றவாளி சுவரே இல்லை, கதவும் இடைவெளிகளும்தான். பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் வரை தடுக்கும். உள்ளே கூடாக இருக்கும் மலிவான கதவு 20 டெசிபல் தடுத்தாலே பெரிது. எந்தத் தடுப்பாக இருந்தாலும் அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. அதனால் கதவு கனமான பலகையாக இருக்கட்டும், நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஓடட்டும். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சுவிட்ச் பாக்ஸ் வைத்திருந்தால் அது சுவரில் போட்ட ஓட்டை மாதிரி. ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடுகளில் நடுச்சுவர் மேல்தளம் வரை போகிறதா என்றும் பாருங்கள். சீலிங்கோடு நின்றிருந்தால் சத்தம் மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிடும்.

கேள்வி: கதவை இறுக்கமாக அடைக்கச் சொல்கிறீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வேலை செய்யக் கதவுக்குக் கீழே இடைவெளி வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

எலக்ட்ரீஷியன் சொல்வது சரி. ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். காற்று படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் வாடையும் ஈரமும் இந்தப் பக்கம் வராது. கதவின் மூன்று பக்கம் ரப்பர் பட்டை, கீழே மட்டும் அரை அங்குலம் விடுங்கள். சத்தமா காற்றா என்று வந்தால் நான் காற்றின் பக்கம் நிற்பேன். சத்தத்துக்குக் கம்மோடைக் கதவிலிருந்து எட்ட வைக்கலாம், நடுவே டிரெஸ்ஸிங் பகுதி வைத்து இரண்டு கதவு போடலாம். பூஞ்சை பிடித்த சுவருக்கு அப்படிச் சுலபமான மாற்று இல்லை.

ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால் குளிக்கும்போது அதை மூடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். குளித்து முடித்த பிறகும் 15, 20 நிமிடம் ஓடட்டும்.

கேள்வி: படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்கலாம், அறை பெரிதாகத் தெரியும் என்கிறார் என் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பனிக் கண்ணாடி போட்டால் மறைவு கிடைக்காதா?

முழு மறைவு கிடைக்காது. பனிக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி நிற்பவர் மங்கலான நிறமாகத்தான் தெரிவார். கண்ணாடியை ஒட்டி நின்றால் தோள், முழங்கை, விரல் வரை கோடு போட்டது போல் தெரியும். இரவில் பாத்ரூமில் விளக்கு, படுக்கையறையில் இருட்டு என்றால் இன்னும் தெளிவு. பட்டனைத் தட்டினால் மாறும் கண்ணாடி இருக்கிறது. அதில் பரவலாக விற்கும் வகை மின்சாரம் ஓடும்போது தெளிவாகவும், நின்றால் பால் போலவும் இருக்கும். அதனால் கரண்ட் போனாலும் மறைவு போகாது. ஆனால் பால் போன்ற நிலையிலும் வெளிச்சம் தாராளமாகக் கசியும். ஒருவர் விடிகாலையில் எழுந்து குளித்தால் மற்றவரும் விழித்துக்கொள்வார்.

உங்கள் தயக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், அவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையைத் தினமும் புழங்கப் போவது நீங்கள் இருவரும். ஒருவர் கூச்சத்தோடு நுழையும் பாத்ரூம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அவருக்கு வேண்டியது விசாலமும் வெளிச்சமும் என்றால், 7 அடி வரை கட்டுச்சுவர், அதற்கு மேல் கூரை வரை திறக்காத கண்ணாடி என்று சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் இரண்டு பக்கமும் பரவும், ஆள் தெரியாது. கம்மோடுக்கு மட்டும் எந்த நிலையிலும் கண்ணாடி வேண்டாம்.

கேள்வி: இடம் மிச்சமாகும் என்று ஸ்லைடிங் கதவு போடலாமா?

டிரெஸ்ஸிங் அறைக்குப் போடுங்கள். கம்மோட் உள்ள அறைக்கு வேண்டாம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே எப்போதும் சந்து இருக்கும், சத்தமும் வாடையும் அதில் வரும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. அவர் அறையோடு பாத்ரூம் கட்டுகிறோம். விழுந்துவிட்டால் என்ற பயத்தில் தாழ்ப்பாளே வேண்டாம் என்கிறான் தம்பி. அம்மா முகம் வாடிவிட்டது. என்ன செய்யலாம் அண்ணா?

தாழ்ப்பாள் வையுங்கள். வயதானவர்களிடம் "கதவைச் சும்மா சாத்தி வைங்க, போதும்" என்று பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்தபடி அவசர அவசரமாக எழுவார்கள். விழுவதற்கு அந்த அவசரமே காரணமாகிவிடலாம். அம்மா வாடியதில் நியாயம் இருக்கிறது.

உள்ளே தாழிட்டாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. அதைப் போடுங்கள், அது எப்படித் திறக்கும் என்பதை அம்மாவுக்கும் காட்டுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், அவரைத் தள்ளாமல் கதவைத் திறக்க முடியாது. வாசல் 3 அடி அகலம் இருந்தால் வாக்கரும் சக்கர நாற்காலியும் நுழையும். நாற்காலி உள்ளே திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். வாசலில் படியோ மேடோ வேண்டாம். ஈரம் தாண்டாமலிருக்க, குளிக்கும் மூலையை நோக்கித் தரைக்குச் சரிவு கொடுத்தால் போதும்.

அம்மா கட்டிலில் எந்தப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு எழுகிறார் என்று கவனித்துவிட்டு, கதவை அந்தப் பக்கம் வையுங்கள். வழி நெடுக முழங்காலுக்குக் கீழே மங்கலான ஒரு விளக்கு, கம்மோட் பக்கச் சுவரில் கைப்பிடி, உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் ஒரு அழைப்பு மணி. மணி இருந்தால் கூப்பிடுவதா வேண்டாமா என்பது அம்மா கையில் இருக்கும்.

கேள்வி: மகன் அறை, மகள் அறை, நடுவே ஒரு பாத்ரூம், இரண்டு பக்கமும் கதவு. சரிவருமா?

நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. உள்ளே போனவர் இரண்டு கதவையும் தாழிட வேண்டும், வரும்போது இரண்டையும் திறந்துவிட வேண்டும். ஒருவர் மறந்தால் மற்றவர் வெளியே நிற்பார். அல்லது உள்ளே இருக்கும்போது கதவு திறந்துகொள்ளும். வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிடக் கூச்சம் வெகுநாள் மனதில் நிற்கும். நடைவழியில் ஒரே கதவு வையுங்கள். வாஷ்பேசினை வெளியே எடுத்துவிட்டால் காலையில் ஒருவர் பல் துலக்கலாம், ஒருவர் குளிக்கலாம்.

கேள்வி: பாத்ரூம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில ராத்திரிகளில் படுக்கையறைக்குச் சாக்கடை வாடை வருகிறது.

அதிகம் புழங்காத பாத்ரூமா? தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டைக்கு அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற தரை டிராப்பில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நின்றுதான் வாடையைத் தடுக்கிறது. தண்ணீர் வற்றினால் சாக்கடைக் காற்றுக்கு வழி திறந்துவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தினமும் புழங்கியும் வருகிறது, ஃப்ளஷ் செய்யும்போது தரை டிராப்பில் 'களக் களக்' என்று சத்தமும் கேட்கிறது என்றால், சாக்கடைக் குழாய்க்குக் காற்று விடும் காற்றுக் குழாய் இல்லை அல்லது அடைத்திருக்கிறது. இறங்கும் தண்ணீர் டிராப்பில் இருப்பதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அதற்குப் பிளம்பர்தான் வரவேண்டும், பினாயில் ஊற்றித் தீராது.

கேள்வி: பாத்ரூம் ஜன்னல் பக்கத்து வீட்டு மாடிக்கு நேரே இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் தெரியும் ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். போதுமா?

பகலுக்குப் போதும். அந்த ஃபிலிம் வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்தை மறைக்காது. இரவில் நீங்கள் விளக்குப் போட்டதும் உள்ளே இருப்பது வெளியே தெரிய ஆரம்பிக்கும். இன்று ராத்திரி விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். பனிக் கண்ணாடியாக மாற்றிவிடுங்கள், அதை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள். புதிதாகக் கட்டுபவர்கள் ஜன்னலின் அடிமட்டத்தை ஐந்தரை அடிக்கு மேல் வைத்தால் இந்தக் கவலையே வராது. ஆனால் உங்களுக்கு எதிரே இருப்பது மாடி. அங்கிருந்து பார்வை சரிந்து இறங்கும் என்பதால் உயரம் மட்டும் காப்பாற்றாது.

கேள்வி: 10க்கு 11 அடி அறை. இதற்குள்ளேயே அட்டாச்டு பாத்ரூம் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். 4க்கு 7 அடி ஒதுக்கினால் போதுமா?

4க்கு 7 என்பது பாத்ரூமுக்குப் போதும், மிச்சமிருக்கும் படுக்கையறைக்குத்தான் போதாது. சுவர் தடிமனையும் கழித்துப் பாருங்கள். 110 சதுர அடியில் 30க்கு மேல் போய்விடும். இரட்டைக் கட்டில் போட்டால் எப்படித் திருப்பினாலும் அதன் ஏதாவது ஒரு பக்கம் பாத்ரூம் சுவருக்குப் பக்கத்தில்தான் வரும். மேலே சொன்ன அத்தனை தொல்லையும் ஒரே அறையில் சேரும்.

பாத்ரூமை அறைக்கு வெளியே, படுக்கையறை வாசலிலிருந்து இரண்டு எட்டில் வையுங்கள். நடைவழியில் ஹாலிலிருந்து பார்வை படாதபடி ஒரு திருப்பம் இருந்தால் அட்டாச்டு பாத்ரூமின் மறைவு அப்படியே கிடைக்கும், சத்தம் மட்டும் வராது. பிளானை வீட்டில் காட்டும்போது தரையில் சாக்பீஸால் கட்டிலையும் பாத்ரூமையும் முழு அளவில் வரைந்து, எல்லோரையும் அதற்குள் நடக்கச் சொல்லுங்கள்.