பேர் கேட்டால் பங்கு கேட்கிறோம் என்கிறார்கள்: வம்சாவளி தேடுவோருக்கான கேள்வி பதில்

பத்திரப்பதிவுத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் சிவகங்கைப் பக்கம். 1998ல் அப்பா காரியத்தில் பிண்டம் வைக்கும்போது மூன்று தலைமுறைப் பேர் கேட்டார்கள். எங்கள் வாயில் தாத்தாவோடு நின்றுவிட்டது. அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கிறுக்கு. இன்று என் நோட்டில் 640 பேர் இருக்கிறார்கள்.

பழைய பத்திரத்தை எப்படிப் படிப்பது, எங்கே தேடுவது என்று கேட்பீர்கள் என நினைத்துத்தான் கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "எங்கள் வீட்டில் யாரும் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்." சரி, அதையே பேசுவோம்.

கேள்வி (கோவை, வங்கி ஊழியர்): நாலு வருஷம் அலைந்து 214 பேருடன் வம்சாவளி தயார் செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ரெண்டு பேர் கட்டைவிரல், ஒருத்தர் கும்பிடு. அடுத்த நிமிஷம் யாரோ குட்மார்னிங் ரோஜாப்பூ போட்டார்கள். மனசு விட்டுப்போச்சு.

பதில்: தம்பி, 214 பேரைச் செல்போன் திரையில் பார்த்தால் எறும்புப் புற்று மாதிரி இருக்கும். அதில் தன் பேரைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். வம்சாவளி என்பது நமக்குக் கணக்குப் புத்தகம். அடுத்தவர் கணக்குப் புத்தகத்தை யார் ஆசையாகப் படிப்பார்கள்?

என் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வருஷம் என்னைப் பார்த்தாலே, "என்னடா, செத்தவங்க எல்லாம் சௌக்கியமா?" என்பார். ஒரு நாள் என் அப்பா அம்மா கல்யாண மொய் நோட்டு பரணில் கிடைத்தது. 1953. மஞ்சள் தடவிய முதல் பக்கம், ஊர்வாரியாகப் பேர், எதிரே ரூபாய் அணா பைசா. அதில் அவருடைய அப்பா பேருக்கு நேராக, "ரூ. 1-4-0, தேங்காய் 5" என்று இருந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த வருஷம் எங்கய்யா கையில காசே இல்லைடா, மாட்டை வித்துட்டுத்தான் வந்திருப்பாரு" என்றார். அப்புறம் அந்த மாட்டை வாங்கியவர் யார், அவர் நமக்கு என்ன முறை என்று பேச்சு போய், சாயங்காலத்துக்குள் எனக்குப் பதினொரு பேர் கிடைத்தார்கள்.

ஆகவே முழு வம்சாவளியையும் போடாதீர்கள். ஒரே ஒரு படத்தைப் போட்டு, "இதில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது யார்?" என்று கேளுங்கள். நான் ஒரு தடவை கவனமில்லாமல் ஒரு அத்தை பேரை மாற்றிப் போட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் எட்டுப் பேர் திருத்த வந்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் அதுவரை குழுவில் வாயே திறக்காதவர்கள்.

கேள்வி (தேனி, இல்லத்தரசி): எங்கப்பா வழி தெரிந்துகொள்ள ஆசை. பழைய பத்திரங்கள் அண்ணனிடம் இருக்கின்றன. "நீ வாக்கப்பட்டுப் போனவ, உனக்கு எதுக்கு அது?" என்கிறார். அண்ணி என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

பதில்: அண்ணனுக்கு வம்சாவளியில் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள், பயம். 1989ல் தமிழ்நாட்டிலும் 2005ல் நாடு முழுக்கவும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, தங்கச்சி பத்திரம் கேட்டாலே பாகம் கேட்க வருகிறாள் என்றுதான் பல வீடுகளில் அர்த்தம். நீங்கள் கொள்ளுத்தாத்தா பேர் என்கிறீர்கள். அவர் காதில் சர்வே நம்பர் என்று விழுகிறது.

அண்ணனை விட்டுவிடுங்கள். அவர் பெட்டியில் இருப்பதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. முதல் புத்தகம் என்று நாங்கள் சொல்வது அசையாச் சொத்துப் பதிவேடு. கட்டணம் கட்டினால் அதை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், நகலும் வாங்கலாம். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உயில் மூன்றாம் புத்தகத்தில் வரும். எழுதியவர் இருக்கும்வரை அவர் தரப்புக்கு மட்டும்தான் நகல், அவர் காலமான பிறகு யார் மனுப் போட்டாலும் கிடைக்கும். ஊரும் சர்வே நம்பரும் தெரிந்தால் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பத்திர எண்ணைப் பிடித்துவிடலாம்.

பத்திரம் கையில் வந்ததும் எல்லாரும் எழுதிக் கொடுத்தவர் பேரைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அடியில் சொத்து விவரத்தைப் பாருங்கள். "இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் பாத்தியத்துக்குத் தெற்கு" என்று நான்கெல்லை இருக்கும். ஒரே நிலம் பாகம் பிரிந்ததால் அந்த எல்லைக்காரர்களில் பாதிப் பேர் அண்ணன் தம்பிகளாகத்தான் இருப்பார்கள். என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு ஒரு நான்கெல்லையில்தான் தெரிந்தது.

இன்னொன்று, தொழில் பழக்கத்தில் சொல்கிறேன். அண்ணனைச் சமாதானப்படுத்த என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வேறு, வம்சாவளி வேறு.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): அப்பத்தாவுக்கு 88 வயசு. என்ன கேட்டாலும் "அதெல்லாம் யாருக்குத் தெரியும், போடா" என்கிறார்.

பதில்: நீங்கள் வருஷம் கேட்டிருப்பீர்கள். நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து "எந்த வருஷம்?" என்றால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு கை ஆயுங்கள். வருஷத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். தனுஷ்கோடி புயலின்போது அப்பா பிறந்திருந்தாரா, மடியில் இருந்தாரா, நடந்தாரா? அது 1964 டிசம்பர். ஆட்கள் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்களே, அப்போது நீங்கள் எவ்வளவு உயரம்? அது 1942. கல்யாணச் செலவு அணாவிலா, நயா பைசாவிலா? நயா பைசா வந்தது 1957 ஏப்ரல்.

தமிழ் வருஷப் பேர் சொன்னால் பொக்கிஷம். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்பி வரும். குரோதி என்றால் 1904, 1964, 2024, எது பொருந்துகிறது என்று ஆளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வருஷம் சித்திரையில் பிறக்கிறது என்பதை மறக்கவேண்டாம். குரோதி வருஷம் மாசி மாதம் என்று அப்பத்தா சொன்னால் அது 1965.

கேள்வி (அட்டன், இலங்கை, ஆசிரியை): தாத்தாவின் தம்பி குடும்பம் ஒப்பந்தத்தில் இந்தியா போய் நீலகிரியில் இருக்கிறது. ரொம்பத் தேடித்தான் அவர்கள் நம்பர் கிடைத்தது. போன் பண்ணினால், "நல்லா இருக்கோம், அந்தப் பழைய கதையெல்லாம் வேண்டாம்" என்று வைத்துவிட்டார்கள். இப்படியும் ஒட்டில்லாமல் இருப்பார்களா?

பதில்: ஒட்டில்லாமை என்று எனக்குத் தோன்றவில்லை, டீச்சர். தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்னது 5,25,000 பேரை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களை இங்கே "சிலோன்காரங்க" என்றே பல வருஷம் கூப்பிட்டார்கள். அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். அந்தப் பேரை உதிர்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து நிமிர்ந்திருக்கும் நேரத்தில் உங்கள் போன் போயிருக்கிறது. பழைய கதை என்று அவர்கள் சொல்வது தாத்தாவையாக இருக்காது. வரிசையில் நின்ற நாட்களாக இருக்கும்.

திரும்பவும் போன் பண்ணவேண்டாம். தாத்தா படம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து, பின்னால் தோட்டத்துப் பேரும் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) நம்பரும் எழுதித் தபாலில் அனுப்புங்கள். "உங்களுக்கு இருக்கட்டும்" என்று ஒரு வரி போதும். ஒன்றும் கேட்காதீர்கள். பதில் வர வருஷமாகலாம், வராமலும் போகலாம். அதுவரை உங்கள் பக்கத்து வேலையைப் பாருங்கள்: தோட்டத்தில் பழைய பேர்ப்பதிவும் செக்ரோலும் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) மிச்சம் இருக்கிறதா, தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டிலோ குடியுரிமை விண்ணப்பத்திலோ இந்திய ஊர்ப்பேர் என்ன போட்டிருக்கிறது என்று. அந்த ஊரின் குலதெய்வக் கோயிலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த தலைக்கட்டு வரி நோட்டு இருந்தால், போன் எடுக்காத சொந்தத்தைவிட அது நிறையப் பேசும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): அம்மா வழித் தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது பத்திரம் ஒன்றில் தெரிந்தது. அம்மாவிடம் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அந்தப் பிள்ளைகள் பேரைச் சேர்ப்பதா, விடுவதா?

பதில்: இதே நிலைமை எங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா குடும்பத்தில் இருந்தது. நான் முட்டாள்தனமாக, விசேஷத்துக்கு எல்லாரும் கூடியிருந்த இடத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பெரியம்மா அதற்குப் பிறகு நான் போனால் காபி கொடுப்பார், எதிரே உட்காரமாட்டார். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள், அந்தப் பிள்ளைகளும் உங்கள் தாத்தா பிள்ளைகள்தானே. இல்லாததுபோல் எழுதினால் அது பொய்க் கணக்கு. ஆனால் அம்மா இருக்கும்வரை அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டவேண்டாம், இணையத்தில் ஏற்றவும் வேண்டாம். அம்மாவிடம் வேறு கேளுங்கள். அம்மாச்சி என்ன சமைப்பார், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார் என்று கேளுங்கள். கணவன் பேரே வராமல் ஒரு பெண்ணின் கதையை முழுசாகக் கேட்கலாம். என் அனுபவத்தில் நம் நோட்டுகளில் எப்போதும் விட்டுப்போவது அந்தக் கதைதான்.

கேள்வி (மதுரை): எங்கள் பிரச்சினை நேர் எதிர். பெரியப்பாவுக்கு ஆர்வம் அதிகம். நாங்கள் ஒரு ராஜ வம்சம் என்று முடிவே பண்ணிவிட்டார். ஆதாரம் கேட்டால் கோபம் வருகிறது.

பதில்: எல்லாருக்கும் ராஜா வேண்டும். தண்டல்காரரையும் தலையாரியையும் கேட்டு எவரும் என்னிடம் வந்ததில்லை. பெரியப்பாவை மறுக்காதீர்கள், கீழிருந்து வரச் சொல்லுங்கள். அவர், அவர் அப்பா, அவர் தாத்தா என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம். நாலாவது படியில் காகிதம் தீர்ந்துவிடும், ராஜா தானாக மேலேயே நின்றுகொள்வார்.

கேள்வி (சேலம்): எந்தச் செயலி நல்லது?

பதில்: நோட்டும் பென்சிலும். இணையத்தில் வேண்டுமென்றால் ஃபேமிலிசர்ச் இலவசம். உயிரோடு இருப்பவர் விவரத்தை மற்றவர் கண்ணுக்குக் காட்டாது. மாமன் மகளைக் கட்டிய வீடுகளில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார். அவரை இரண்டு ஆளாகப் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பேரே பேரனுக்கும் வருவதால் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் தகப்பன் பேரையும் ஊரையும் எழுதுவது கட்டாயம்.

கேள்வி (தஞ்சாவூர், வயது 71): மகள் வெளிநாட்டில். "இதை வச்சு என்னப்பா பண்றது" என்கிறாள். நான் போன பிறகு இது பழைய பேப்பர்காரனுக்குத்தானே?

பதில்: ஐயா, மகள்தான் வாரிசு என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? நான் பார்த்தவரை இதைத் தூக்கிச் சுமப்பவர்கள் பெரும்பாலும் மருமகள்கள். புது வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று கற்றுக்கொண்டே ஆகவேண்டியவர்கள் அவர்கள்தான். தம்பி மருமகளோ அக்கா மருமகளோ, "மாமா, அவங்க நமக்கு எப்படிச் சொந்தம்?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தப் பெண்ணிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

மொத்தம் மூன்று பிரதி, மூன்று வீட்டில். கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை எதையும் எறியவேண்டாம். காரியப் பத்திரிகையில் மகன், மகள், மருமகன், பேரன் என்று வரிசையாக இருக்கும். அதைவிடச் சுருக்கமான வம்சாவளியை எவரும் எழுதியதில்லை. படங்களின் பின்னால் இன்றைக்கே பேர் எழுதுங்கள், பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் முன்பக்கம் தடம் காட்டும்.

கேள்வி (காரைக்குடி): உங்கள் வீட்டில் ஆர்வம் உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: மனைவி இதற்கு "செத்தவங்க கணக்கு" என்று பேர் வைத்திருக்கிறார். மகன் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை கேட்டான். பேரன் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "அப்பா, நம்ம வழியில யாருக்காவது சின்னதா, அழகா ஏதாவது பேர் இருந்துச்சா?" நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பது பேரைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் அவன் மனைவியிடம் திருப்பிச் சொல்வது கேட்டது, சிரிப்பும் கேட்டது. கடைசியில் எங்கள் வழியில் எவருக்கும் இல்லாத ஒரு பேரை வைத்தார்கள். 640ஆவது அதுதான்.