வக்கீல் மேலேயே வழக்குப் போடலாமா? வாசகர் கேள்வியும் பதிலும்

போன இதழில் கம்பெனி நொடித்துப்போனால் என்னென்ன நடக்கும் என்று இரண்டு பக்கம் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி வக்கீல்களைத் திட்டித்தான் இருக்கிறது. நானும் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வாய்தா வாங்கியே தலை நரைத்தவன்தான், அதனால் திட்டில் என் பங்கையும் வாங்கிக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். விசைத்தறி போட்டு ஒரு பிரைவேட் லிமிடெட் நடத்திவந்தேன். நூல் சப்ளை செய்த மில், 1 கோடியே 20 லட்சம் பாக்கி என்று சென்னை என்.சி.எல்.டி.யில் (தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) திவால் மனு போட்டது. நூல் மட்டமாக வந்ததால்தான் பணத்தை நிறுத்திவைத்தோம். அவர்கள் அனுப்பிய நோட்டீசுக்கு என் வக்கீல் பதிலே போடவில்லை. மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்பீலை 52-ஆம் நாள் போட்டார், காலம் கடந்தது என்று தள்ளிவிட்டார்கள். இப்போது மிஷின் எல்லாம் ஏலத்துக்கு நிற்கிறது. அவர்மேல் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாமா? (சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: நுகர்வோர் கோர்ட்டை முதலில் மறந்துவிடுங்கள். வக்கீலும் காசு வாங்கிக்கொண்டு சேவை செய்கிறவர்தான், அவர்மேல் புகார் போடலாம் என்று 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது உண்மை. ஆனால் 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. கட்சிக்காரர் சொல்படி நடக்க வேண்டியவர் வக்கீல், அது தனிப்பட்ட ஊழியத்துக்கான ஒப்பந்தம், ஆகவே நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது அவர்கள் சொன்ன காரணம். டாக்டர்மேல் போடலாம், வக்கீல்மேல் கூடாதா என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. வக்கீலாக இருந்தும் எனக்கே அந்தத் தீர்ப்பு முழுசாகச் செரிக்கவில்லை.

அதற்காக அவர் தப்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. 1926-ஆம் வருஷத்து வக்கீல் கட்டணச் சட்டம் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது, அதன் 5-ஆம் பிரிவை எங்கள் ஆட்கள் அவ்வளவாக வெளியில் பேசமாட்டார்கள். வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக, தொழிலில் காட்டிய கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு வழக்கு வராமல் எவரும் தப்ப முடியாது என்கிறது அது. ஆக, வழி சிவில் கோர்ட். கவனக்குறைவு தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும், தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017-க்கு முன் ஏழரை சதவீதமாக இருந்தது, இப்போது 3 சதவீதம், 1 கோடி கேட்டால் 3 லட்சம் கட்ட வேண்டும். ஏற்கெனவே நொடித்துப்போனவரிடம் 3 லட்சம் கேட்கிற சட்டத்தை என்ன சொல்ல.

சரி, கட்டணத்தை எப்படியோ புரட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வக்கீல் தப்புச் செய்தார் என்று காட்டினால் மட்டும் போதாது, அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்றும் காட்ட வேண்டும். அதாவது தோற்ற வழக்கை இந்த வழக்குக்குள் வைத்து இன்னொரு தரம் நடத்த வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் விஷயத்தையே பாருங்கள். கடனாளிக் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தால் 10 நாளுக்குள் தகராறு இருக்கிறது என்று பதில் சொல்ல வேண்டும், ஆனால் அந்தத் தகராறு நோட்டீஸ் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூல் மட்டம் என்று மில்லுக்கு அப்போதே மெயில் அனுப்பினீர்களா, பேல் ஏதாவது திருப்பி அனுப்பினீர்களா, டெபிட் நோட் போட்டீர்களா? இதில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் உங்கள் வக்கீல் பதில் போடாதது உங்கள் கழுத்தில் வைத்த கத்திதான். ஆனால் போனில் சண்டை போட்டதோடு சரி என்றால், எந்தப் பெரிய வக்கீல் வந்திருந்தாலும் மனு ஏற்கப்பட்டுத்தான் இருக்கும், அப்போது அவர் கவனக்குறைவால் உங்களுக்கு நஷ்டம் என்று எதைக் காட்டுவீர்கள்?

அப்பீல் விஷயம் வேறு. 30 நாள், தக்க காரணம் காட்டினால் கூட ஒரு 15 நாள், அதற்குமேல் ஒரு நாள்கூட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மன்னிக்க அதிகாரம் கிடையாது. 52-ஆம் நாள் என்றால் கதவு பூட்டி ஒரு வாரம் ஆகிவிட்டது. ஏன் அத்தனை நாள் என்று கேட்டீர்களா? தீர்ப்பாயம் அனுப்பும் இலவச நகல் வரட்டும் என்று காத்திருந்தேன் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தச் சாக்கு செல்லாது, உத்தரவு சொன்ன நாளிலிருந்தே கணக்கு, சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போட வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்கப்புறமும் காத்திருந்தால் அது கருத்துப் பிசகு அல்ல, கவனக்குறைவு. இன்னொன்றையும் பாருங்கள்: அந்த அப்பீலைக் கம்பெனி பெயரில் போட்டாரா, இயக்குநராகிய உங்கள் பெயரில் போட்டாரா? மனு ஏற்கப்பட்ட அன்றே கம்பெனி நிர்வாகம் உங்கள் கையைவிட்டுப் போய்விடும், அப்புறம் கம்பெனி பெயரில் நீங்கள் அப்பீல் போட முடியாது.

இதிலேயே இன்னொரு முடிச்சும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. வக்கீல் யாருக்கு வக்கீல்? வக்காலத்து கம்பெனி கொடுத்தது என்றால் அவரது கவனக்குறைவால் நஷ்டமும் கம்பெனிக்கு, அதைக் கேட்கிற உரிமையும் கம்பெனியின் சொத்து. அந்தச் சொத்து இப்போது மிஷினோடு சேர்ந்து, கம்பெனியை மூடிச் சொத்தை விற்க நியமித்த கலைப்பாளர் கையில் இருக்கிறது. நீங்கள் உங்கள் பெயரில் வழக்குப் போட்டால், ‘உனக்கு நான் எப்போது வக்கீலாக இருந்தேன்?’ என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே கேட்கும். அதனால் கலைப்பாளருக்கு எழுத்தில், ரிஜிஸ்டர் தபாலில், இந்த மாதிரி ஒரு உரிமை கம்பெனிக்கு இருக்கிறது, இத்தனாம் தேதி நோட்டீஸ், இத்தனாம் நாள் அப்பீல் என்று விவரமாக எழுதுங்கள். அவர் ஆர்வம் காட்டமாட்டார், கட்டணம் யார் கட்டுவது என்பார், பரவாயில்லை, எழுதி வையுங்கள். கலைப்பாளர் உங்கள் வக்கீலும் அல்ல, உங்களுக்காக வந்தவரும் அல்ல. அவர்மேல் குறை இருந்தால் திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ.க்குப் புகார் அனுப்பலாம், அது தனிக் கதை.

பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாமா என்றால், 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் அனுப்பலாம். கண்டிப்பார்கள், கொஞ்ச நாள் தொழில் செய்யக்கூடாது என்பார்கள், மிஞ்சிப்போனால் பெயரை நீக்குவார்கள். நஷ்ட ஈடாக ஒரு ரூபாய் வராது. வெறும் மறதியை ஒழுங்கீனம் என்று ஏற்கவும் மாட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் தள்ளிய மாதிரி இருக்க வேண்டும்.

கேள்வி: வக்கீலை மாற்றப் போகிறேன். மீதி ஃபீஸ் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார். (தென்காசி வாசகி)

பதில்: தந்தே ஆக வேண்டும். வங்கி ஒன்றின் கட்டுகளை ஃபீஸ் பாக்கிக்காகப் பிடித்துவைத்த வக்கீல் விஷயத்தில் 2000-ஆம் வருஷமே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்: கேஸ் கட்டு அடகுப் பொருள் அல்ல, ஃபீஸ் பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளட்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் பார் கவுன்சில். இந்த ஒரு விஷயத்தில் அங்கே கொஞ்சம் விறைப்பாகவே இருப்பார்கள். அதோடு ஃபீஸ் பாக்கி நியாயமானது என்றால் கொடுத்தும் விடுங்கள்.

கேள்வி: நானும் என் மைத்துனரும் பங்குதாரர்களாக அரிசி ஆலை வைத்திருந்தோம். கடன் கழுத்துக்கு வந்தபோது, முதலில் வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டு மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடுங்கள், ஒருத்தனும் கிட்டே வரமாட்டான் என்றார் வக்கீல். எழுதினேன், எட்டு மாசம் கழித்து ஐ.பி. (திவால் மனு) போட்டோம். இப்போது கோர்ட் அந்தச் செட்டில்மென்டைச் செல்லாது என்றுவிட்டது. வக்கீல் நஷ்ட ஈடு தருவாரா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

பல பேர் திவால் என்றாலே சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தில் தனிநபருக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் எழுதிய பகுதியைக் கம்பெனிக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அமலாக்கியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு நம் பக்கத்தில் இன்றைக்கும் 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான், நூறு வயது தாண்டிய கிழவன். அந்தக் கிழவனுக்கு இந்தத் தந்திரமெல்லாம் அத்துப்படி. 53-ஆம் பிரிவின்படி, மாற்றி எழுதி 2 வருஷத்துக்குள் போட்ட மனுவில் ஒருவர் திவாலாக அறிவிக்கப்பட்டால், நியாயமான விலைக்கு நல்லெண்ணத்தோடு வாங்கினவருக்கு எழுதியதைத் தவிர, மற்றதைக் கோர்ட் நியமிக்கிற ரிசீவர் வழியாக ரத்து செய்துவிடலாம். பாசத்துக்கு எழுதிய செட்டில்மென்ட் எட்டு மாசத்தில் நிற்குமா? இன்னொன்று, ஆலைக் கட்டடத்தை வங்கியில் அடமானம் வைத்திருந்தீர்கள் என்றால் மஞ்சக் கடுதாசி அந்த வங்கியை ஒன்றும் செய்யாது, அடமானக்காரருக்கு அவர் வழி தனி வழி.

ஆக, உங்கள் வக்கீல் சொன்னது தப்பு யோசனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடன்காரர்களை ஏமாற்ற இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் பலிக்கவில்லை, அதனால் கூடச் சேர்ந்த வக்கீலிடம் நஷ்ட ஈடு வாங்கிக் கொடுங்கள் என்று போனால் எந்த நீதிபதி ஏறிட்டுப் பார்ப்பார்? மனைவி பெயருக்கு எழுதும்போது எதற்கு எழுதுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த யோசனைக்கென்று அவர் தனியாக வாங்கிய ஃபீசைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், வந்தால் லாபம். இனியாவது கணக்குப் புத்தகங்களை ரிசீவரிடம் ஒழுங்காக ஒப்படையுங்கள். அதை மறைத்தால் ஜெயில்வரை போகிற குற்றம், அதற்கும் வக்கீல்தான் சொன்னார் என்று வந்து நிற்காதீர்கள்.

கேள்வி: ஐ.பி. கொடுத்தவர் ஓட்டுப் போடலாமா? தேர்தலில் நிற்கலாமா? (சுரண்டை வாசகர்)

பதில்: தாராளமாக ஓட்டுப் போடலாம். கோர்ட் திவால் என்று அறிவித்து, அதிலிருந்து விடுவிக்காதவரை எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ ஆக முடியாது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் ஊரில் யாரோ ஒருவரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது.

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ரெஸ்டாரண்ட் கம்பெனி வைத்திருந்தான். கம்பெனியை நடத்திக்கொண்டே கடனைச் சீர்செய்கிற சாப்டர் லெவன் திவால் மனு போட்டான், வக்கீல் சொதப்பி இப்போது எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்கிற சாப்டர் செவனாகி எல்லாம் போய்விட்டது என்கிறான். அங்கே வக்கீல் மேல் வழக்குப் போட்டால் லட்ச லட்சமாக வரும் என்கிறார்களே? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: அம்மா, அங்கே இது சாதாரணமாக நடக்கிற வழக்குதான். பல வக்கீல்கள் இதற்கென்றே காப்பீடும் எடுத்து வைத்திருப்பார்கள், அதனால் ஜெயித்தால் காசு வர வழியுண்டு. ஆனால் திவால் வழக்கில் இரண்டு பொறி இருக்கிறது.

ஒன்று, சங்கரன்கோவில்காரருக்குச் சொன்னதேதான். சாப்டர் லெவனில் கம்பெனிக்கு அமர்ந்த வக்கீல் கம்பெனிக்கும் அதன் கடன்காரர்களுக்குச் சேர வேண்டிய சொத்துக்கும் பொறுப்பு, உங்கள் அக்கா மகனுக்கு அல்ல. சாப்டர் செவனாக மாறினதும் கம்பெனிக்கு இருந்த உரிமையெல்லாம், சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுகிற டிரஸ்டி கைக்குப் போய்விடும், வக்கீல்மேல் வழக்குப் போடுகிற உரிமையும் அதோடு சேர்ந்துதான். டிரஸ்டி ஜெயித்தாலும் பணம் முதலில் கடன்காரர்களுக்கு.

இரண்டாவது பொறி நம் ஊரில் இல்லாதது. அங்கே திவால் வக்கீலை அமர்த்தவும் கோர்ட் அனுமதி வேண்டும், அவருக்கு ஃபீஸ் எவ்வளவு என்பதையும் கோர்ட்தான் முடிவு செய்யும். அந்த ஃபீஸ் விசாரணையில் யாரும் ஆட்சேபிக்காமல் இறுதி உத்தரவு ஆகிவிட்டால், வேலை ஒழுங்காக நடந்தது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுகிறது, அப்புறம் கவனக்குறைவு என்று வழக்குப் போட முடியாது என்று 2000-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2003-இல் நான்காவதும் சொல்லியிருக்கின்றன. நியூ ஜெர்சி மூன்றாவது வட்டாரம், அங்கே அவை கட்டுப்படுத்தாது, இருந்தாலும் எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்புகளைத் தூக்கிக்கொண்டு வராமல் இருக்காது. அதனால் இன்று ராத்திரியே அவனுக்குப் போன் போட்டு இதை மட்டும் கேளுங்கள்: வக்கீலின் இறுதி ஃபீஸ் உத்தரவு வந்துவிட்டதா? வரவில்லை என்றால் வேறொரு வக்கீலை வைத்து ஆட்சேபம் போடச் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் இந்த வழக்குக்கு 6 வருஷம் கெடு உண்டு, ஆனால் வழக்குப் போட்டு எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்த 60 நாளுக்குள், இவர் வேலையில் தவறு இருக்கிறது என்று இன்னொரு வக்கீல் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இன்னொரு வக்கீலுக்கு எதிராக எழுதிக் கொடுக்க ஒரு வக்கீலைப் பிடிப்பது எந்த நாட்டிலும் சுலபமில்லை.

கேள்வி: எங்கள் கம்பெனிக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி என்.சி.எல்.டி.க்குப் போனதும் கடனை வசூலிக்கக் கூடாது என்ற தடைக்காலம் வந்துவிட்டது, வங்கி உங்கள் வீட்டுப் பக்கம் வர முடியாது, நோட்டீசைக் கிழித்துப் போடுங்கள் என்றார் வக்கீல். போன வாரம் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். (வள்ளியூர் வாசகர்)

பதில்: தடைக்காலம் கம்பெனிக்குத்தான், ஜாமீன் நின்றவருக்குக் கிடையாது. 2018-இல் சட்டத்தைத் திருத்தியே அதைத் தெளிவாக்கினார்கள், அதே வருஷம் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது. அதற்கப்புறம் ஒரு வக்கீல் இப்படி யோசனை சொன்னால் அது பச்சைக் கவனக்குறைவு. ஆனால் வாயால் சொன்னாரா, எழுத்தில் சொன்னாரா? வாட்ஸ்அப்பில் இருந்தால் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள், குரல் பதிவாக இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீலோடு சண்டையை மூன்று வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சுவாதீன நோட்டீஸ் ஒட்டின நாளிலிருந்து மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப்போட உங்களுக்கு 45 நாள்தான், அதில் ஒரு வாரம் போயாச்சு. அதற்கு முன்னால் வங்கி அனுப்ப வேண்டிய 60 நாள் நோட்டீஸ் முறையாக வந்ததா, தொகைக் கணக்குச் சரியா, ஒட்டினது சரியான சொத்திலா என்று பார்க்கச் சொல்லி வேறு வக்கீலிடம் நாளைக்கே போங்கள். போகும்போது கிழித்துப் போடாமல் வைத்திருக்கிற நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.