பணம் வந்தால் மகிழ்ச்சி வருமா? – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஒரு நாடு வளர்ந்துவிட்டால் மட்டும் அங்கே மக்கள் நிறைவாக இருந்துவிட மாட்டார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். என் தாத்தா கூழுக்கே கஷ்டப்பட்டவர். நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், மனைவிக்கும் வேலை, லோன் போட்டுச் சொந்த வீடும் கட்டிவிட்டோம். பணத்தால் மகிழ்ச்சி வராது என்பது வசதியானவர்கள் பேசுகிற பேச்சு இல்லையா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

பசித்தவரிடம் அப்படிச் சொல்வது அநியாயம், இதில் உங்கள் கட்சிதான் நான். ஒரு நாட்டுக்குள் கேட்டுப் பார்த்தால், வசதியுள்ளவர்கள்தான் இல்லாதவர்களைவிட நிறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள், அநேகமாக எங்குமே இப்படித்தான். ஆனால் நாட்டில் எல்லோருக்கும் வருமானம் கூடும்போது நிறைவும் கூடவே ஏறுகிறதா என்று 1974-ல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கேட்டார். அப்படி ஏறுவதாகத் தெரியவில்லை என்பது அவர் சொன்ன பதில். ஏறுகிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சீனா. 1990-லிருந்து 2010-க்குள் அங்கே தலைக்கு உற்பத்தி நான்கு மடங்குக்குக் குறையாமல் பெருகியது. அந்த இருபது வருடத்துக் கருத்துக்கணிப்புகளை எடுத்து ஈஸ்டர்லினும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட கட்டுரையில், மக்களின் வாழ்க்கை நிறைவு முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் இறங்கிக்கொண்டே போய், அப்புறம்தான் கொஞ்சம் ஏறியது என்று வருகிறது. ஏறியும் 1990-ல் இருந்த அளவைத் தாண்டவில்லை. அதிகம் அடிபட்டது வருமானத்தில் கீழே இருந்தவர்கள், மேலே இருந்தவர்களுக்குச் சற்றுக் கூடவே செய்தது.

ஏன் இறங்கியது? அதுவரை நகரத்து அரசு ஆலையில் சேர்ந்தவருக்கு வேலை ஆயுசுக்கும் உறுதி, குடியிருக்க வீடு, வைத்தியம், ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஆலையோடு சேர்ந்தே வந்தது, சம்பளம் சொற்பம்தான், ஆனாலும் நாளைக்கு என்ன ஆகும் என்று ராத்திரி விழித்துக் கிடக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சந்தைக்கு ஏற்றபடி அந்த ஆலைகளை மாற்றியபோது கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, வேலையோடு மற்றதும் போனது. வீட்டுக்குள் கலர் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் வந்துகொண்டிருந்த அதே வருடங்கள் இவை. ஐம்பது வயதில் ஆலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவருக்கு நாட்டின் வளர்ச்சி எத்தனை சதவீதமாக இருந்து என்ன பயன், சொல்லுங்கள்.

பிறகு நிறைவு மெல்ல ஏறத் தொடங்கியது, வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்து, பாதுகாப்புத் திட்டங்களைத் திரும்பக் கட்டத் தொடங்கிய காலத்தில்தான். 2003-லிருந்து கிராமங்களுக்கு மருத்துவக் காப்பீடு வந்தது. பணம் பயத்தைப் போக்கும்வரை அது தருகிற நிம்மதி நிஜம் என்று நான் நம்புகிறேன், உங்கள் தாத்தாவின் பசி போனது அப்படிப்பட்ட நிம்மதிதான். பயத்தை அப்படியே விட்டுவிட்டு வருமானம் மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் நின்று கம்பெனியில் ஆள் குறைத்தால், வீட்டு லோன் தவணையை எத்தனை மாதம் உங்களால் கட்ட முடியும்? அதை நினைத்தால் உங்கள் இருவருக்கும் தூக்கம் வருகிறதா? எழுதுங்கள்.